டர்போ புகைத்தால் முதலில் ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள்

கேள்வி: 2023 பெப்ரவரி 11, அக்கரைப்பற்று வாசகர்

என்னுடையது பழைய டொயோட்டா ஹையேஸ் வான், 3எல் ரக டீசல் எஞ்சின். மீன் பெட்டிகளுடன் பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏற இழுவை போதவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ரீகண்டிஷன் டர்போ வாங்கிப் பொருத்தினேன். இழுவைக்குக் குறை இல்லை. ஆனால் சந்தையில் சற்று நேரம் ஸ்லோவில் ஓடவிட்டு, பிறகு எடுத்தால் நீலப் புகை எழும்புகிறது. பொருத்திய கராஜில் சீல் போய்விட்டது என்று வேறு டர்போ மாற்றினார்கள். அதுவும் அப்படியே புகைக்கிறது. இப்போது ஒயில் போகும் பைப்பின் துளையைச் சிறிதாக்கலாம் என்கிறார்கள். ஒயில் அதிகமாகப் போவதுதான் காரணமா?

பெப்ரவரி 11, இரவு

துளையைச் சிறிதாக்க விடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு டர்போக்கள் ஒரே மாதிரிப் புகைத்தால் டர்போவில் குற்றமில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்திலும் அதிலிருந்து ஒயில் வெளியேறும் வழியிலும்தான் குற்றம்.

சீல் என்று எல்லோரும் சொல்வதால் எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருப்பது போன்ற றப்பர் சீல் ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். டர்போவுக்குள் இருப்பது பிஸ்டன் வளையம் போன்ற சிறிய உலோக வளையம். தண்டு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்திலும் சூட்டிலும் றப்பர் நிற்காது. அந்த வளையம் தேங்கிய ஒயிலைத் தடுத்து நிறுத்தச் செய்யப்பட்டதே அல்ல. பேரிங்கிலிருந்து விழும் ஒயில் உடனே கீழே ஓடிவிடும், நடு அறை பெரும்பாலும் காலியாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. ஒயில் ஓடாமல் தண்டின் மட்டத்திற்கு ஏறி நின்றால் புத்தம் புதிய டர்போவும் கசியும்.

ஸ்லோவில் மோசமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். டர்போத் தண்டின் ஒரு முனைச் சக்கரத்தை எஞ்சின் புகை சுழற்றும், மறுமுனைச் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும். பாரம் இழுக்கும்போது இந்த இரு சக்கரங்களின் பக்கத்திலும் அழுத்தம் இருக்கிறது. அது ஒயிலை உள்ளே தள்ளிப் பிடிக்கிறது. ஸ்லோவில் அந்த அழுத்தம் இல்லை. தேங்கிய ஒயில் புகைபோக்கிப் பக்கம் இறங்கிக் குழாயில் படிந்திருந்து, நீங்கள் மிதித்ததும் எரிந்து வருகிறது.

நாளை வானைத் தூக்கிப் பார்த்து எழுதுங்கள்: டர்போவிலிருந்து ஒயில் திரும்பி இறங்கும் ரிட்டர்ன் பைப்பின் உள்விட்டம் எவ்வளவு, எந்த வழியாகப் போகிறது, சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) எந்த உயரத்தில் சேர்கிறது, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் எங்கே போகிறது.

பெப்ரவரி 12, காலை

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரவே எழுதியிருக்க வேண்டிய விடயம். புகைதானே என்று அந்த வானை ஏற்றத்திற்குக் கொண்டுபோகாதீர்கள். ஒயில் காற்றுப் பக்கம் கசிந்து உட்செல்லும் குழாயில் சேர்ந்தால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுமீறி ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். அல்லது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் கியரில் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். காற்று வழியை வெறுங்கையால் பொத்த யாரும் முயலவேண்டாம். இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைப்பது) இருந்தால் அதன் கீழ்க் குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் வடிந்தால் முழுவதும் துடைத்து எடுத்த பிறகே எஞ்சினை இயக்குங்கள்.

பெப்ரவரி 14

அக்கரைப்பற்றுத் தம்பி பார்த்து எழுதிவிட்டார். ரிட்டர்ன் பைப் முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது 3/8 அங்குல ஹோஸ். டர்போவிலிருந்து இறங்கி, குறுக்குச் சட்டத்திற்குக் கீழே வளைந்து, மறுபடியும் சற்று ஏறி, சம்பின் வடிகால் நட் இருந்த இடத்தில் சேர்கிறதாம். சம்பைக் கழற்றாமல், துளையிடாமல், வெல்டிங் இல்லாமல் ஒரே நாளில் வேலை முடிந்ததாம். முடிந்திருக்கும். எந்த இடத்தில் ஒயில் எப்போதும் நிறைந்து நிற்கிறதோ அந்த இடத்தையே தேடிச் சேர்த்திருக்கிறார்கள்.

டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் பீட் பைப்பில் ஒயிலைத் தள்ளுவது பம்ப். அது சிறிய பைப்பில் போகும், மேலே ஏறும், வளையும், எப்படியும் போய்ச் சேரும். ரிட்டர்ன் பைப்பில் தள்ள யாருமில்லை. தன் பாரத்தால் தானே இறங்க வேண்டும். அதோடு இறங்கும் ஒயில், உள்ளே போனபோது இருந்த மாதிரி இருப்பதில்லை. அத்தனை வேகத்தில் சுழலும் தண்டு அதைக் காற்றோடு கலந்து அடித்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்புவதில்லை என்பதால் எங்கள் கராஜில் வாடிக்கையாளரை அழைத்துக் காட்டுவோம். ரிட்டர்ன் பைப்பைச் சம்பின் பக்கம் கழற்றி, அந்தத் துளையை அடைத்து, பைப்பின் நுனியை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, எஞ்சினைச் சற்று நேரம் ஸ்லோவில் ஓடவிடுவோம். இழுத்து ஆற்றிய பால்தேநீர் போல நுரைத்து வந்து விழும். போத்தலில் பாதிக்கு மேல் நுரை. அது அடங்கி ஒயிலாக மாற நேரம் எடுக்கும். அந்த நுரைக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் ரிட்டர்ன் பைப் பெரிதாக இருக்கிறது. (எஞ்சின் ஒயில் மட்டம் குறைகிறது என்பதை மறக்காமல் சீக்கிரம் நிறுத்துங்கள். சுடும் ஒயில், கையுறை போடுங்கள்.)

அளவு: சாதாரண புஷ் பேரிங் (உருண்டைகள் இல்லாத வளையப் பேரிங்) டர்போவுக்கு பீட் 1/4 அங்குலம், ரிட்டர்ன் குறைந்தது 5/8 அங்குலம். இணையத்தில் வாங்கும் பின்னல் ஹோஸ்களில் இவை 4, 10 என்ற எண்களில் வரும். அந்த எண் ஓர் அங்குலத்தின் 16 இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. டர்போவின் அடியில் இருக்கும் துளையை விட எந்த இடத்திலும் பைப் ஒடுங்கக் கூடாது. இடம் இருந்தால் இன்னும் பெரிதாகப் போடுங்கள். ரிட்டர்ன் பெரிதாகிப்போனதால் கெட்ட டர்போவை நான் கண்டதில்லை.

பெப்ரவரி 15

கல்முனை அண்ணன் கேட்கிறார்: ஒயில் மட்டத்திற்குக் கீழே சேர்த்தால் என்ன, மேலிருந்து வருவது எப்படியும் இறங்கத்தானே வேண்டும்?

தண்ணீராக இருந்தால் இறங்கும். நுரை பாரம் குறைந்தது. கீழே நிற்கும் கனமான ஒயிலைத் தள்ளிக்கொண்டு போகாது. ஆகவே பைப்புக்குள் நுரை அடுக்கடுக்காக ஏறி டர்போவின் நடு அறையை நிரப்புகிறது. இன்னொரு பக்கம் கிராங்க் அறையின் அழுத்தம் இருக்கிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு ஒயிலை மேலிருந்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஒயிலுக்கு அந்த ரிட்டர்ன் பைப்பும் ஒரு வழிதான், அதற்குள் ஏறும். மட்டத்திற்கு மேலே சேர்த்தால் பைப்பின் இரு முனையிலும் காற்று ஒன்றாக இருக்கும், ஒயில் விழும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் டர்போவின் ஆயுளே அதில் இருக்கிறது.

பெப்ரவரி 19

எங்கே துளையிடுவது என்று தம்பி கேட்டிருக்கிறார். இதில் அவசரப்படக் கூடாது.

டிப் ஸ்டிக்கில் மேல் கோடு எந்த உயரம் என்பதைச் சம்பின் வெளிப்புறத்தில் அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அது சமதரையில் நிற்கும்போது உள்ள மட்டம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு அதற்குச் சற்று மேலே போதும். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாலம்தான். நீங்கள் பதுளைக்கு ஏறுகிறீர்கள். மகியங்கனையிலிருந்து 18 வளைவால் கண்டிக்கு ஏறுபவர்களுக்கும் இதே கதை. வண்டியின் மூக்கு மேலே தூக்கினால் சம்பில் உள்ள ஒயில் பின்பக்கம் ஒதுங்கும். பின்பக்கத்தில் துளையிட்டிருந்தால், எஞ்சின் அதிகம் உழைக்கும் நேரம் பார்த்து ரிட்டர்ன் வாய் மூழ்கும். இயன்றவரை முன்பாதியில், சம்பின் மேல் விளிம்பை ஒட்டி வையுங்கள். உள்ளே கிராங்கின் எதிர்ப்பாரம் சுழலும் இடத்திற்கு நேரே வேண்டாம். அது அடிக்கும் ஒயில் பைப்பின் வாயை மோதிக்கொண்டே இருக்கும்.

சம்பைக் கழற்றியே துளையிட வேண்டும். துரப்பண முனையில் கிறீஸ் பூசினால் தூள் எல்லாம் அதில் ஒட்டிவிடும், சம்ப் கழற்றத் தேவையில்லை என்று சிலர் செய்கிறார்கள். பெரும்பகுதி ஒட்டும். ஒட்டாமல் உள்ளே விழும் ஓரிரு சுருளைப் பம்ப் வாய் வலை பிடிக்கும் என்று நம்பி ஒரு எஞ்சினைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் காக்கா ஒருவரிடம்தான் நாங்கள் இந்த வேலையைக் கொடுக்கிறோம். அவர் இரும்புக் குழாய்த் துண்டை நேராக ஒட்டமாட்டார். வாயைக் கீழ்நோக்கிச் சாய்வாக வெட்டி, பைப் இறங்கி வரும் கோணத்திலேயே சம்பில் பதித்து, முதலில் மூன்று புள்ளி வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, பிறகு சுற்றி ஒட்டுவார். ஒரே மூச்சில் ஒட்டினால் சம்பின் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து கெஸ்கட் முகம் கோணிவிடும். முடிந்ததும் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்து விளிம்பைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு டீசல் ஊற்றி ஒரு இரவு வைத்திருப்பார். டீசல் கசியாத ஒட்டில் ஒயில் கசியாது. சம்ப் அலுமினிய வார்ப்பாக இருந்தால் வெல்டிங் வேறு வகை, தெரிந்தவரிடமே கொடுங்கள்.

பெப்ரவரி 20

35 பாகை பற்றிக் கேட்ட ஏறாவூர் நண்பருக்கு: டர்போ செய்பவர்கள் சொல்லும் அந்த 35 பாகை, நடு உடலைத் திருப்பிப் பொருத்தும்போது அதன் வடிகால் துளை செங்குத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு. பைப் முழுவதும் 35 பாகைக்குள் நிற்க வேண்டும் என்று அதைப் படித்தால் ஹையேஸில் யாரும் டர்போ வைக்க முடியாது. பைப் சற்றுப் படுக்கையாக ஓடலாம். ஆனால் ஓடும் வழி முழுக்க இறங்கிக்கொண்டே போக வேண்டும், ஓரிடத்திலும் தொய்ந்து ஏறக் கூடாது.

அதனால்தான் மேனிபோல்ட் (டர்போவை எஞ்சினோடு சேர்க்கும் புகைக் குழாய்) அடிக்கும் முன்பே ரிட்டர்ன் வழியைத் தீர்மானியுங்கள் என்று எப்போதும் சொல்கிறேன். ஹையேஸில் எஞ்சின் இருக்கைக்கு அடியில். மேலே இடம் கிடைக்காமல் டர்போவைத் தொங்கவிடுகிறார்கள். தொங்கிய டர்போவுக்கும் சம்ப் விளிம்புக்கும் இடையே இறக்கம் இல்லாவிட்டால், ஒயிலை உறிஞ்சி அனுப்பத் தனி மின்பம்ப் போட வேண்டிவரும். அந்தப் பம்ப் ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றே டர்போ நிரம்பும். கிழமைக்குக் கிழமை மலை ஏறும் மீன் வானுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மேனிபோல்டை மாற்றி அடியுங்கள்.

பெப்ரவரி 26

இனி பீட் பக்கம். நாலைந்து பேர் கேட்டதால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒயிலை எடுக்கும் இடம், பில்டரைத் தாண்டி வந்த பிரதான ஒயில் வழியாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு மும்முனை மூட்டைப் போட்டு, ஒரு பக்கம் சுவிட்ச், மறுபக்கம் டர்போ என்று பிரிக்கிறார்கள். நல்ல வழி. ஆனால் மரையைக் கவனியுங்கள். ஜப்பானிய எஞ்சின்களில் அந்தத் துளை பெரும்பாலும் பிரிட்டிஷ் பைப் மரை, 1/8 அளவு: அங்குலத்துக்கு 28 மரை, 55 பாகைக் கோணம். இணையத்தில் வரும் பொதிகளில் பல அமெரிக்க மரை: அங்குலத்துக்கு 27 மரை, 60 பாகை. இரண்டும் கையால் ஓரிரு சுற்றுச் சுகமாகப் போகும், அதுதான் ஆபத்து. பிறகு ஸ்பானர் போட்டு இறுக்கினால் கசியும், அல்லது எஞ்சின் உடலில் மரையே போய்விடும். சுவிட்சைக் கழற்றி லேத் கடைக்குக் கொண்டுபோய் மரை அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகு மூட்டு வாங்குங்கள்.

அந்த மூட்டில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த நூல் ஒன்று போய்ப் பேரிங் துளையில் நிற்கும். ரிட்டர்ன் பிளேஞ்சில் (பைப்பை டர்போவில் பூட்டும் தட்டு) சிலிக்கோன் பசையும் வேண்டாம். செங்கலடிப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்றில், சகல அளவும் சரியாக இருந்தும் புகைத்தது. பிளேஞ்சைக் கழற்றினால், இறுக்கும்போது உள்ளே பிதுங்கிய சிவப்புச் சிலிக்கோன் காய்ந்து நாக்கு மாதிரித் துளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. துளையில் பாதியை அது மறைத்திருந்தது. விரலால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. கெஸ்கட் போதும்.

செப்புக் குழாய் வளைக்க இலகு, கடைகளில் கிடைக்கும், அதனால் பீட்டுக்குப் போடுகிறார்கள். எஞ்சின் அதிர்வில் செப்பு நாளடைவில் இறுகி மூட்டின் கழுத்தில் வெடிக்கும். வெடித்த பைப் சூடான மேனிபோல்டின் மீது ஒயிலைப் பீச்சினால் தீதான். ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கும் கடையில் எதையாவது வெட்டித் தரச் சொல்வதும் சரியல்ல: டிராக்டருக்கு அடிக்கும் சாதாரண ஹோஸ் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். உள்ளே டெப்லோன், வெளியே துருப்பிடியா எஃகுப் பின்னல் உள்ள ஹோஸைக் கேளுங்கள். மேனிபோல்டுக்கு அருகே போகும் இடத்தில் வெப்ப உறை போடுங்கள். ரேடியேட்டருக்கு வரும் நீலச் சிலிக்கோன் ஹோஸ் தண்ணீருக்கும் காற்றுக்கும் உரியது. ஒயிலில் ஊறிப் போகும், ரிட்டர்னுக்குப் போடாதீர்கள்.

துளையைச் சிறிதாக்கும் கதைக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்றால், உருண்டைகள் உள்ள ‘போல் பேரிங்’ டர்போவுக்கு ஒயில் குறைவாகத்தான் தேவை. அழுத்தம் கூடிய எஞ்சினில் ஏறக்குறைய 1 மி.மீ. துளை உள்ள தடுப்பான் வைக்கச் சொல்வார்கள். நம் பழைய வான், லொறிகளில் வருவது புஷ் பேரிங். அதில் தண்டு ஒயில் படலத்தின் மீதே மிதக்கிறது. தேய்ந்த டீசல் எஞ்சின், சூடேறி ஸ்லோவில் நிற்கும்போது அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அங்கே தடுப்பானும் வைத்தால் புகை குறைந்த மாதிரித் தெரியும், பேரிங் மெல்லச் சாகும். புகையை மறைப்பதற்காக டர்போவைப் பட்டினி போடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் வேலை.

மார்ச் 5

பீட் பைப்பில் தனியாக ஒரு சிறு பில்டர் வைக்கலாமா என்ற கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் எனக்கே இரண்டு மனம். பிரதான பில்டர் அடைபட்டால் அதன் வால்வு திறந்து ஒயில் வடிகட்டாமல் போகும் என்பது உண்மை. அந்த நேரம் சிறு பில்டர் டர்போவைக் காக்கும். ஆனால் அந்தச் சிறு வலை அடைபட்டால் யாருக்கும் தெரியாது. பிரஷர் விளக்கு எரியாது, ஏனென்றால் எஞ்சினில் அழுத்தம் இருக்கிறது. டர்போவுக்கு மட்டும் ஒயில் போகாது. கழற்றிக் கழுவும் பழக்கம் உள்ளவர் வைக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல பில்டரும் ஒயிலும் வாங்கி நேரத்திற்கு மாற்றுங்கள். இப்போதைக்கு என் சாய்வு இந்தப் பக்கம்.

மார்ச் 9

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஒருவர், ஆழ்கடல் படகு எஞ்சினுக்கு இதெல்லாம் பொருந்துமா என்கிறார். இன்னும் கடுமையாகப் பொருந்தும். படகில் எஞ்சின் சமமாக உட்காருவதில்லை. புரொபெல்லர் தண்டின் சரிவுக்கேற்பப் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். அதற்கு மேல் அலையில் இரு பக்கமும் சாயும். ஆகவே மட்டத்தைக் கரையில் பணிமேசையில் வைத்து அளக்காதீர்கள். எஞ்சினைப் படகில் பூட்டிய பிறகு அளந்து, இரு பக்கச் சாய்வுக்கும் இடம் விட்டு உயரத்தில் சேருங்கள். செப்புக் குழாய் அங்கே அறவே வேண்டாம். கரைக்கு வர நாள்கணக்கு எடுக்கும் இடத்தில் ஒரு பீட் பைப் வெடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

மார்ச் 18

தம்பி சம்பில் துளையிட்டு 5/8 ரிட்டர்ன் போட்டுவிட்டார். வடிகால் நட் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மகிழ்ச்சி. இயக்கும் முன் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், இதைத் தவறவிட்டால் முந்திய உழைப்பெல்லாம் வீண்.

பீட் பைப்பை டர்போவில் பூட்டும் முன் அந்தத் துளையில் சுத்தமான எஞ்சின் ஒயிலை ஊற்றி, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பைப்பைப் பூட்டுங்கள். செப்பு வாசர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையதுதான் என்றால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு இளக்கிய பிறகு போடுங்கள். டீசல் பம்பின் எரிபொருள் நிறுத்தும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதன் பிறகு வயரைப் பூட்டி இயக்கி, உடனே மிதிக்காமல் சற்று நேரம் ஸ்லோவில் விடுங்கள்.

பிரீதரையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதன் வாயிலேயே வையுங்கள். மெல்ல நடுங்கினால் சரி. துள்ளிக் குதித்தால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது பிரீதர் அடைபட்டிருக்கிறது. அப்படியான எஞ்சினில் எவ்வளவு பெரிய ரிட்டர்ன் போட்டாலும் உள்ளிருந்து வரும் அழுத்தம் ஒயிலை இறங்கவிடாது.

மார்ச் 21

இன்னும் புகைக்கிறது என்று தம்பி பதறி எழுதியிருக்கிறார். பொறுங்கள். இத்தனை காலம் வடிந்த ஒயில் சைலன்சருக்குள் ஊறிக் கிடக்கிறது. அது எரிந்து தீரவேண்டும். பாரம் ஏற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி நீண்ட ஓட்டம் ஒன்று போங்கள். பழைய புகையா புதிய கசிவா என்று அறிய, சைலன்சர் குழாயை டர்போவின் வாயில் கழற்றி, டர்பைன் பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஸ்லோவில் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் டர்போ கசியவில்லை.

மார்ச் 27

துடைத்த இடம் உலர்ந்தே இருக்கிறதாம். பதுளைக்குப் போய்த் திரும்பியதில் புகையும் தீர்ந்துவிட்டதாம். அந்த இரண்டாவது டர்போவை மாற்றத் தேவையில்லை. முதலில் கழற்றிய டர்போவை வீசிவிடாதீர்கள், தம்பி. கராஜில் இன்னும் கிடந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். தண்டில் மேல்கீழ் ஆட்டம் அளவோடு இருந்தால் அதுவும் நல்ல டர்போதான்.

மலை ஏறி வந்ததும் சாவியை உடனே திருப்பாதீர்கள். ஓரிரு நிமிடம் ஸ்லோவில் ஓடட்டும். சூடு தணியாமல் நிறுத்தினால் பேரிங்கில் நிற்கும் ஒயில் கரியாகிப் பீட் துளையை அடைக்கும். அடுத்த முறை ஒயில் மாற்றும்போது பீட் பைப்பின் டர்போப் பக்க நுனியைக் கழற்றி, உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.